நூறு சதவீதம் என்னும் நோய்: லேப்டாப் பேட்டரியின் ஆயுள் குறித்த ஓர் ஆராய்ச்சி

லேப்டாப் பேட்டரி உழைத்துத் தேய்வதைவிட உபசாரத்தால் தேய்வதே மிகுதி என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். இதைப் போகிற போக்கில் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரர், கடையில் லேப்டாப் விற்றவர், ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தப்பா என்று பேட்டரியைப் பற்றி ஒரு கருத்தாவது இல்லாதவர் நம்மில் இல்லை. ஆகவே முறைப்படியே தொடங்குவோம். ஒன்றை நிறுவ வேண்டுமானால் பக்கம், ஏது, திட்டாந்தம் என்ற உறுப்புகள் வேண்டும் என்பது தருக்க நூலார் வழக்கு. மணிமேகலைக்கு அறவண அடிகள் இதைப் பாடமாகவே நடத்துகிறார். மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுக்களை போல என்பது தருக்க நூலார் வழிவழியாகக் காட்டும் உதாரணம். (புகையும் நெருப்பும் லித்தியம் பேட்டரிக்கு அந்நியமல்ல. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) அம்முறையில் நமது பக்கம்: இந்தப் பேட்டரி சீக்கிரம் கெடும். ஏது: எந்நேரமும் நிறைந்தே இருப்பதால். திட்டாந்தம்: மூன்று வருஷம் பிளக்கைவிட்டுக் கழற்றப்படாமல் மேசைமேல் சொகுசாக இருந்து, ஒருநாள் கரண்ட் போனதும் பத்து நிமிஷம்கூடத் தாங்காமல் அணைந்த அலுவலக லேப்டாப். இந்தத் திட்டாந்தம் ஒன்றாவது அகப்படாத அலுவலகத்தைத் தேடிப்பிடிப்பது கடினம்.

பேட்டரி நீடிக்க வேண்டும் என்போர் இரு திறத்தார். ஒருவருக்கு அது இன்று சாயங்காலம் வரை நிற்க வேண்டும். மற்றவருக்கு ஐந்தாம் வருஷத்திலும் நிற்க வேண்டும். இருவரையும் தனித்தனியே உட்காரவைத்துப் பேசினால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் இருவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருக்கிறார்கள். அந்த ஆள், சாயங்காலம் தேவைப்படுமே என்று காலையிலேயே 100 வரை ஏற்றுகிறார். ஏற்றியதை இறக்க மனம் வராமல் பிளக்கிலேயே விட்டு வேலை பார்க்கிறார். சாயங்காலம் பார்த்தால் இன்னும் 100. மிச்சம் பிடித்த திருப்தியோடு மூடி வைக்கிறார். பேட்டரி அன்று ஒரு சுற்றுகூட உழைக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் அன்று முழுக்க அது மூத்துக்கொண்டேதான் இருந்தது. பேட்டரியின் தேய்மானத்தை வேதியியலார் இரண்டாகப் பிரிப்பார்கள்: ஏறி இறங்குவதால் வருவது ஒன்று, சும்மா இருப்பதால் வருவது ஒன்று. முன்னதைச் சுற்றுக்கணக்கில் அளப்பார்கள். 100 முழுவதும் செலவானால் ஒரு சுற்று; இன்று பாதி, நாளை பாதி என்றாலும் சேர்த்து ஒரே சுற்றுதான். சாதாரண லேப்டாப் பேட்டரிக்கு 300 முதல் 500 சுற்று, ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்குச் சொல்வது 1000 சுற்று. பின்னதை அளக்கச் சுவரில் மாட்டிய காலண்டரே போதும். பிளக்கிலேயே கிடக்கும் லேப்டாப்பின் சுற்றுக்கணக்கு இரட்டை இலக்கத்தைத் தாண்டாமல் இருக்கும்; கொள்ளளவோ பாதிக்கு வந்திருக்கும். வேலை வாங்கியதால் கெட்டது என்று அதன்மேல் வழக்குத் தொடுக்க முடியாது.

நிறைவு ஏன் கெடுக்கிறது என்பதற்குப் பேட்டரியின் வயிற்றைப் பார்க்க வேண்டும். அங்கே ஒருபுறம் கோபால்ட் ஆக்சைடு போன்ற ஒரு பொருளின் அடுக்குகள். மறுபுறம் கிராஃபைட், அதாவது பென்சில் முனையில் இருக்கும் அதே கரியின் அடுக்குகள். நடுவே ஒரு கரிமத் திரவம். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடு அடுக்குகளைவிட்டுக் கிளம்பி, திரவத்தைக் கடந்து, கிராஃபைட் இடுக்குகளில் போய் அமர்கின்றன. லேப்டாப் ஓடும்போது வந்த வழியே திரும்புகின்றன. இவ்வளவுதான் நடப்பது. பாதி ஏறிய நிலையில் இரு பக்கத்திலும் நெரிசல் இல்லை. 100-ஐ நெருங்க நெருங்க ஆக்சைடு பக்கம் காலியாகி அதன் கட்டுமானம் தளர்கிறது; அதன் மின்னழுத்தம் தொட்ட திரவத்தையே சிதைக்கும் அளவுக்கு உயர்கிறது. கிராஃபைட் பக்கமோ இலை கொள்ளாமல் பரிமாறப்பட்ட விருந்தாளி நிலையில் இருக்கிறது: எழுந்திருக்கவும் முடியாது, போதும் என்றால் வீட்டுக்காரர் விடுவதும் இல்லை. கிராஃபைட்டின் மேல் முதல் சார்ஜிலேயே மெல்லிய படலம் ஒன்று படியும். அது அவசியமானது, அது இல்லாவிட்டால் பேட்டரியே நடக்காது. ஆனால் நிறைவும் சூடும் சேர்ந்தால் அந்தப் படலம் தடித்துக்கொண்டே போகும். தடிப்பதற்கு அது எடுத்துக்கொள்வது உயிருள்ள லித்தியத்தை. அப்படிப் போன லித்தியம் பிறகு எந்த சார்ஜருக்கும் திரும்பி வராது. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருந்தைப் பற்றிச் சொன்னதைவிட அளவாக உண்பதைப் பற்றிச் சொன்னதே அதிகம் என்பதை இங்கே நினைவூட்டினால், வள்ளுவர் லித்தியம் அறிந்திருந்தார் என்று நிறுவ யாராவது புறப்பட்டுவிடுவார்கள். எனவே அதை விட்டுவிடுவோம்.

இனி அந்த 100 என்பதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். குடம் நிறைந்தால் வழியும். நிறைந்தது என்று இயற்கையே சொல்லிவிடும். பேட்டரியில் அப்படி ஒரு விளிம்பு கிடையாது. கோபால்ட் ஆக்சைடு பேட்டரியை ஒரு கலத்துக்கு 4.2 வோல்ட் வரை ஏற்றி, இது 100 என்று எழுதிவைத்தார்கள். அந்த 4.2-இலும் ஆக்சைடிலிருந்து கிளம்பியிருப்பது ஏறத்தாழ பாதி லித்தியம்தான். மீதியையும் கிளப்பலாம், கிளப்பினால் கட்டுமானம் குலையும், பேட்டரி போய்விடும். ஆக, 100 என்பது ‘இதற்குமேல் தள்ளினால் எங்களுக்குப் பயம்’ என்று தயாரிப்பாளர் போட்ட கோடு. அந்தக் கோடும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. லேப்டாப் மெலிய வேண்டும், மணிக்கணக்கும் கூட வேண்டும் என்று கேட்கக் கேட்க, புதிய கலங்களில் 4.35, 4.4, அதற்கும் மேல் என்று நகர்த்தியிருக்கிறார்கள். எங்கே நகர்த்தினாலும் திரையில் தெரிவது 100தான். உச்ச அழுத்தத்தை 0.1 வோல்ட் குறைத்தால் சுற்றுகள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்று பேட்டரித் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. அதை வைத்துப் பார்த்தால் கடைசி இருபது சதவீதத்துக்கு நாம் கொடுக்கும் விலை முதல் எண்பதுக்குக் கொடுத்ததைவிட அதிகம். கோபால்ட் ஆக்சைடை 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேட்டரிக்குக் கொண்டுவந்தவர் ஜான் குட்இனஃப். 1985-இல் அதை நம்பிக்கையாக வேலை செய்யும் பேட்டரியாக்கியவர் ஜப்பானின் அகிரா யோஷினோ. 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது சோனி. குட்இனஃபும் யோஷினோவும், இவர்களுக்கு முன்னோடியான ஸ்டான்லி விட்டிங்ஹாமும் 2019-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். அப்போது குட்இனஃபுக்கு வயது 97. 2023-இல் மறைந்தபோது 100. லித்தியம் வட்டாரத்தில் 100-ஐத் தொட்டும் கெடாதது அவர் ஒருவர்தான்.

நிறைவுக்குத் துணைபோகும் குற்றவாளி சூடு. பேட்டரித் தொழிலில் பரவலாக எடுத்தாளப்படும் ஓர் அட்டவணை உண்டு. 40 சதவீதம் ஏற்றிய பேட்டரியை 25 டிகிரியில் ஒரு வருஷம் சும்மா வைத்தால் அதன் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். 100 ஏற்றி வைத்தால் 80. அதையே 40 டிகிரியில் வைத்தால் முன்னதற்கு 85, பின்னதற்கு 65. இங்கே கவனிக்க வேண்டியது யாரும் அந்தப் பேட்டரியைத் தொடவே இல்லை என்பதுதான். வேலை செய்யும் லேப்டாப்பின் வயிற்றில் 40 டிகிரி அபூர்வமான சங்கதி அல்ல. அக்னி நட்சத்திரத்தில் வேலூரிலோ திருத்தணியிலோ லேப்டாப்பைத் திறக்காமலே அது கிடைத்துவிடும். கட்டிலில் தலையணைமேல் வைத்து, காற்று வரும் ஓட்டையைப் பஞ்சால் அடைத்து, சார்ஜரையும் சொருகிக்கொண்டு இரண்டு மணி நேரம் படம் பார்ப்பவர், மேற்படி அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் தம் பேட்டரியைக் கொண்டுபோய் உட்காரவைக்கிறார். வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போனவர் அதையும் தாண்டிவிடுகிறார். மூடினால் தூங்கிவிடும் என்று நம்பிப் பைக்குள் வைத்தவரையும் விடுவதற்கில்லை. இன்றைய லேப்டாப்புகள் பல, மூடியபின்னும் அரைக்கண் திறந்து மெயில் பார்க்கும், அப்டேட் இறக்கும். தாம்பரத்தில் பையில் போட்டதைத் திண்டிவனம் தாண்டி எடுத்தால், உள்ளே இருக்கும் நோட்டுப்புத்தகம்கூட வெதுவெதுப்பாக இருக்கும். நெடும்பயணத்துக்கு முன் ஷட்டவுனோ ஹைபர்னேட்டோ செய்வது இதற்காகத்தான்.

இவ்வளவு தெளிவான விஷயத்தில் ஊரே எதிர்த்திசையில் நடப்பதற்குக் காரணம் என்ன? இங்கே நாம் பதிப்பாசிரியர் வேலையில் இறங்க வேண்டியிருக்கிறது. பேட்டரி பற்றி மக்களிடையே வழங்கும் நூற்பாக்கள் மூன்று. ‘எப்பவும் ஃபுல்லா வைக்கணும்’ என்பது முதலாவது. ‘சுத்தமா இறக்கிட்டுத்தான் ஏத்தணும்’ என்பது இரண்டாவது. ‘புதுசு வாங்கினா முதல்ல எட்டு மணி நேரம் சார்ஜ் போடணும்’ என்பது மூன்றாவது. முதலிரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை. ஆனாலும் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் ஆசான்கள் உண்டு. இப்படி முரண்பட்ட பாடங்கள் ஒரே சுவடியில் கலந்திருந்தால், வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்தவை ஒன்றாகக் கட்டப்பட்டுவிட்டன என்று கொள்வதே பதிப்பு நெறி. அப்படித் தேடினால் மூலங்கள் அகப்படுகின்றன. முதல் நூற்பா ஈய அமில பேட்டரிக்கு உரியது. கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் 1859-இல் கண்டுபிடித்த அதே பேட்டரிதான் இன்றும் நம் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டரோடு உட்கார்ந்து டிஸ்டில்டு வாட்டர் குடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் காலியாக விட்டால் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகமாகி இறுகிவிடும். ஆகவே அதை நிறைவாக வைப்பதே தர்மம். இரண்டாம் நூற்பா நிக்கல் காட்மியத்துக்கு உரியது. 1899-இல் ஸ்வீடனின் வால்டமார் யுங்னர் உருவாக்கிய இந்தப் பேட்டரி, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இறக்கி ஏற்றினால் அந்த அளவையே தன் எல்லையாகப் பழகிக்கொண்டு அதற்குமேல் தளர்ந்துவிடும். அதற்கு ஞாபக விளைவு என்று பெயர். கார்ட்லெஸ் போன்களிலும் பழைய ஷேவர்களிலும் இருந்தது இந்தச் சாதிதான். மூன்றாவது நூற்பா அதன் தம்பியான நிக்கல் மெட்டல் ஹைட்ரைடுக்கு உரியது. மெதுவாக நெடுநேரம் ஏற்றித்தான் அதைத் தயார்செய்ய வேண்டியிருந்தது. செங்கல் மாதிரி கனத்த அந்தக் காலத்து செல்போன்களோடு இந்த நூற்பா வீட்டுக்கு வந்தது, போன் போனபிறகும் தங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தக் கலப்பு நடந்த காலத்தையும் ஓரளவு குறிக்கலாம். 2011 செப்டம்பரில் அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. பல வீடுகளில் நுழைந்த முதல் கணினி அதுதான். அடுத்த வருஷம் சென்னைக்கு வெளியே மின்வெட்டு நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டியது. வசதிப்பட்டவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். ஒரே கூரையின்கீழ் இரண்டு பேட்டரிகள் வந்து சேர்ந்தன, இரண்டையும் பராமரிக்கும் பெரியவர் ஒருவரே. கரண்ட் வரும் இடைவெளியில் எல்லாவற்றையும் நிரப்பிவைப்பதே அந்நாளில் புத்திசாலித்தனம் என்பதை மறுக்க முடியாது. மின்வெட்டு ஓய்ந்தது, பழக்கம் ஓயவில்லை. உரையாசிரியர்களிடம் இது நாம் அடிக்கடி காண்பது: சூத்திரம் ஒன்றுக்கு எழுதிய உரையை வேறொன்றுக்கு ஏற்றிச் சொல்லி, முரண் வந்தால் இளைய மாணவனைத் திட்டுவது.

நம் துணிபுக்குச் சாட்சியாக வருவோரில் முக்கியமானவர்கள், எதிர்பாராத வகையில், விற்பவர்களே. புது லேப்டாப்பின் பெட்டியைப் பிரித்து முதல்முறை திறந்தால் பேட்டரி பெரும்பாலும் பாதிக்கு அருகே இருக்கும். கப்பலிலும் கிடங்கிலும் எத்தனை மாதம் கிடக்குமோ என்று தெரியாததால் பாதியில் நிறுத்தி அனுப்புகிறார்கள். வாங்கியவர் அன்று ராத்திரியே 100 ஆக்குகிறார். விமானத்தில் சரக்காகப் போகும் தனி லித்தியம் அயன் பேட்டரிகள் 30 சதவீதத்துக்குமேல் ஏற்றியிருக்கக் கூடாது என்று 2016 முதல் சர்வதேச விதி உண்டு. அது ஆயுளுக்காக அல்ல, தீக்காக. ஆனாலும் நிறைந்த பேட்டரி பதற்றமான பேட்டரி என்பதை அந்த விதி ஒப்புக்கொள்கிறது. அசூஸ் தன் லேப்டாப்புகளில் 60, 80, 100 என்று வரம்பு வைத்துக்கொள்ளும் வசதி தந்திருக்கிறது. லெனோவோவும் டெல்லும் அதுபோலத் தருகின்றன. ஆப்பிள் 2020 மே மாதம் வந்த மேக்ஓஎஸ் பதிப்பிலிருந்து சூட்டையும் சார்ஜ் பழக்கத்தையும் பார்த்துத் தானே உச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது; பார்க்கிறவர் மனம் வாடாதபடி எண்ணை மட்டும் கவனித்துக்கொள்கிறது. விற்றவனே தன் சரக்கை அளவாகப் பயன்படுத்தச் சொல்வது வணிக வரலாற்றில் அபூர்வம். அந்தச் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது. அந்த வசதி செட்டிங்ஸில் மூன்று கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது வேறு விஷயம்.

இனித் தடைகள். நன்னூலார் சொல்லும் எழுவகை மதங்களில், அதாவது கொள்கைகளில், உடன்படலும் மறுத்தலும் முதலில் வருவன. மூன்றாவதாக வருவது பிறர் மதத்தை ஏற்றுக்கொண்டு பின் களைதல். அதுவே இங்கே பயன்படும். முதல் தடை: லேப்டாப்பே அறிவுள்ளது, 100 வந்ததும் தானே சார்ஜை நிறுத்திவிடுகிறது, அப்புறம் என்ன கேடு? நிறுத்துகிறது என்பது உண்மை. அளவுக்குமேல் ஏறுவதில்லை. ஆனால் கேடு ஏறுவதில் மட்டும் இல்லை, ஏறிய இடத்திலேயே இருப்பதிலும் உண்டு. சாப்பாடு நின்றுவிட்டது, இலையைவிட்டு எழுந்திருக்க விடவில்லை. அப்படியானால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு நேரடியாக பிளக்கில் ஓட்டலாமே என்பாரும் உளர். பழைய லேப்டாப்புகளில் அது முடிந்தது. இப்போது பேட்டரி உள்ளே திருகாணியோடும் பசையோடும் கிடக்கிறது. முடிந்த காலத்திலும் கரண்ட் ஒரு கண் சிமிட்டினால் எழுதிய பக்கம் போனது போனதுதான்.

இரண்டாம் தடை கூர்மையானது, அவசரமாகக் கடக்கக் கூடாதது. பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கினால் ஆயுள் முடிந்தது என்கிறார்கள். அது என்றோ நடக்கப்போவது. அதைத் தவிர்க்க இன்றே 80-இல் நிறுத்துங்கள் என்கிறீர்கள். நாலு வருஷம் கழித்து வரவேண்டிய முதுமையை முதல் நாளே வரவழைத்துக்கொள்வதல்லவா இது? ஊருக்குப் போன பிறகு பணத்துக்கு முடை வருமே என்று இப்போதே பட்டினி கிடப்பவரை யாரும் கெட்டிக்காரர் என்பதில்லை. இந்தத் தடையை எழுப்பியவருக்கு முதலில் ஒரு வணக்கம். விடை இது: 80 என்பது தேய்ந்துபோன பேட்டரிக்குக் கூரை, அதற்குமேல் அது எழவே முடியாது. வரம்பு வைத்தவருக்கோ அது ஒரு கதவு. நாளை திருநெல்வேலிக்கு ரயில் ஏற வேண்டும், பிளக் பாயிண்ட் பக்கத்து ஆள் கையில் என்றால், இன்று ராத்திரி வரம்பை எடுத்துவிட்டு 100 ஏற்றிக்கொள்ளலாம். ஏறியதும் செலவாகத் தொடங்கும் 100-இல் பெரிய கேடு இல்லை. மாதக்கணக்கில் தங்கும் 100தான் கேடு. அதோடு, பகல் முழுக்க பிளக்கில் இருப்பவருக்கு அந்த இருபது சதவீதத்தால் நஷ்டமே இல்லை, ஏனென்றால் அவர் மீதி எண்பதையும் தொடுவதில்லை. மறுபுறம், பகலெல்லாம் வெளியே அலைந்து, கடைசிச் சொட்டு வரை வேண்டியிருப்பவருக்கு இந்த ஆராய்ச்சியில் வேலை இல்லை. அவர் தாராளமாக 100 ஏற்றட்டும். அவர் பேட்டரி உழைத்துச் சாகும், அது கௌரவமான சாவு.

மூன்றாம் தடையை விரைவாகவே தீர்க்கலாம். லேப்டாப்பே ஐந்து வருஷத்தில் பழசாகிவிடும், பேட்டரியைக் காப்பாற்றி என்ன பண்ண? சாதாரண எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் ஐந்து வருஷ லேப்டாப் இன்று தாராளம். பழசாவது பெரும்பாலும் பேட்டரி ஒன்றுதான், அது போனதும் மொத்தத்தையும் மாற்றுகிறோம். மாற்றாமல் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் ‘ஒரிஜினலா, கம்பேட்டிபிளா?’ என்ற கேள்வி காத்திருக்கும். முந்தையதன் விலை கேட்டு பிந்தையதை வாங்குவோம், பிந்தையதன் தரம் பார்த்து முந்தையதை நினைப்போம்.

சாயங்காலம் வரை நின்றால் போதும் என்ற முதல் திறத்தாருக்கும் சிலது சொல்லவேண்டும். அவர்களும் தப்பான இடத்தில்தான் சிக்கனம் பிடிக்கிறார்கள். கணக்கு எளிது. பேட்டரி 50 வாட்-அவர் என்றால், லேப்டாப் சராசரி 10 வாட் இழுத்தால் ஐந்து மணி நேரம், 5 வாட் இழுத்தால் பத்து. எனவே கேள்வி எத்தனை ஜன்னல் திறந்திருக்கிறது என்பதல்ல, எத்தனை வாட் இழுக்கிறது என்பதே. சும்மா படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருக்கும்போது பெரும்பங்கை இழுப்பது திரையின் பின்விளக்கு. பிரைட்னஸை இறக்கினால் கண் கஷ்டப்படும் என்பார்கள். ஒளி பாதியானால் கண்ணுக்குப் பாதியாகத் தெரிவதில்லை. நம் புலன்கள் தூண்டலை வித்தியாசத்தால் அல்ல, விகிதத்தால் உணர்கின்றன என்பதை ஜெர்மனியின் ஃபெக்னர் 1860-லேயே எழுதிவிட்டார். அந்த விளக்கின் மின்சாரம் பாதி மிச்சமாகும், கண்ணுக்குச் சற்றே மங்கியதாகத் தோன்றும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர் இதைச் செய்ய முடியாது. நாற்காலியைத் திருப்பிப் போடுவதும் மின்சிக்கனம்தான். அடுத்தது பிராசஸர். அதன் செலவு வேகத்தோடும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறும். வேகத்தைச் சற்றுக் குறைத்தால் அழுத்தமும் கூடவே குறையும், ஆகவே வேலை கொஞ்சம் தாமதித்து, செலவு நிறையவே இறங்கும். பேட்டரி சேவர் செய்யும் வித்தை பெரும்பாலும் இதுதான். வீடியோ மீட்டிங்கோ கேமரா, ஒலி, படச்சுருக்கம், வைஃபை என்று எல்லாரையும் ஒரே நேரத்தில் வேலைக்கு எழுப்பும். மீட்டிங்கில் முகம் காட்டாதிருப்பது பேட்டரிக்கு நல்லது என்பது அறிவியல்; மற்ற காரணங்கள் அவரவருடையவை.

டார்க் மோடை நம்பியிருப்போர் மனத்தைக் கலைக்க விருப்பமில்லை, ஆனாலும் கலைத்தாக வேண்டும். ஓலெட் திரையில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது, அங்கே மிச்சம் உண்மை. பெரும்பாலான லேப்டாப்புகளின் எல்சிடி திரையில் பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பு என்பது எரியும் விளக்கை மறைத்துப் போட்ட திரைச்சீலை. அங்கே டார்க் மோடில் கிடைப்பது மின்சாரம் அல்ல, கம்பீரம். இவற்றோடு போனை லேப்டாப்பில் சொருகி சார்ஜ் ஏற்றுவதையும் நிறுத்தினால், முதல் திறத்தாரின் சாயங்காலம் சற்றே நீளும். இங்கே ஓர் எதிர்பாராத சமரசமும் ஏற்படுகிறது: குறைய இழுக்கும் லேப்டாப் குறையச் சூடாகும், சுற்றும் மெதுவாகவே கூடும். இன்றைய மாலையும் ஐந்தாம் வருஷமும் கைகுலுக்கும் இடம் இது ஒன்றுதான்.

மறுமுனைக்கு வந்தால், பூஜ்யம் வரை இறக்குவது விருந்துக்கு எதிரான விரதம்போலத் தோன்றலாம். அதுவும் வேண்டாம். கலத்தின் அழுத்தம் மிகக் கீழே போனால் உள்ளிருக்கும் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் லேப்டாப் சற்று முன்னதாகவே பூஜ்யம் என்று சொல்லி அணைகிறது. பூஜ்யத்தில் அணைந்ததை அப்படியே அலமாரியில் ஆறு மாதம் வைத்தால், மிச்சம் இருந்த சொற்பமும் தானே வடிந்து, பிறகு சார்ஜரே அதை ஏற்க மறுக்கும். வெளியூர் போகிறவர் பாதி ஏற்றி, குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டுப் போவது நல்லது. வீங்கிய பேட்டரிக்கு மட்டும் எந்த ஆராய்ச்சியும் உதவாது. டச்பேட் ஒரு பக்கம் மேலெழும், அழுத்தினால் க்ளிக் விழாது. மேசையில் வைத்தால் லேப்டாப் ஒரு மூலையில் ஆடும். அடிமூடியின் விளிம்பில் நகம் நுழையும் இடைவெளி தெரியும். சிதைந்த திரவத்தின் வாயு பேட்டரியின் வெள்ளிநிறப் பைக்குள் அடைந்திருக்கிறது என்று அர்த்தம். மூடியை அமுக்கித் திருகாணி முடுக்குவது, ஊசியால் குத்திக் காற்றை இறக்குவது ஆகிய இரண்டு வைத்தியங்களும் ஆஸ்பத்திரியில் முடியும். பிளக்கைப் பிடுங்கி, சர்வீஸ்காரரிடம் கொடுக்க வேண்டும். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.

கடைசியாக, இரண்டாம் நூற்பாவுக்கு ஒரு நீதி செய்யவேண்டியிருக்கிறது. சுத்தமாக இறக்கி ஏற்ற வேண்டும் என்ற விதி லித்தியத்துக்குப் பொருந்தாது என்று மேலே தள்ளினோம். ஆனால் திரையில் தெரியும் சதவீதம் பேட்டரி சொல்வதல்ல. உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழிக்கும் ஒரு சில்லுக் கணக்குப்பிள்ளை சொல்வது. 60-க்கும் 80-க்கும் நடுவிலேயே மாதக்கணக்கில் உலவினால் கணக்கில் சில்லறைப் பிழைகள் சேரும், சரிபார்க்க அடியும் தெரியாது, உச்சியும் தெரியாது. 30 காட்டிக்கொண்டிருந்த லேப்டாப் சட்டென்று அணைவது இப்படித்தான். சில மாதங்களுக்கு ஒருமுறை 100 வரை ஏற்றி, தானாக அணையும் வரை இறக்கி, மறுபடி ஏற்றினால் கணக்குப்பிள்ளை தன் ஏட்டைத் திருத்திக்கொள்வார். நிக்கல் காலத்தவர் காரணம் தெரியாமல் சொன்னது காரியத்துக்கு உதவுகிறது. பேட்டரிக்கு அல்ல, பேட்டரியைப் பற்றிய கணக்குக்கு. வாரந்தோறும் இதைச் செய்கிறவர் கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டு, கணக்கில் எழுதப் பொருள் இல்லாமல் போவார்.